நீ உக்காந்திருந்த ரீல் பெட்டி

அம்பாசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

எய்யா,

நல்லபடியா ஊர் வந்து சேந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூக்கமே இல்ல. ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க, பொம்பளைய விரும்புற பொம்பளைங்க கதையச் சொல்லுற உங்க படவிழாதான் கண்ணுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. போன்ல பேசுனா தொண்டை அடைக்கும், அதான் எழுதுதேன்.

ஹால்ல உக்காந்ததும் பழக்கதோஷத்துல திரும்பி கேபின் ஓட்டையத்தான் பாத்தேன். ரீல் இல்ல, கார்பன் குச்சி இல்ல. ஒரு பையன் லேப்டாப்பத் தட்டுனான், படம் வந்துட்டு. 26 வருஷம் கொட்டகையில படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவனுக்குக் காதுதான் பெருசு. எங்க விசிலு, எங்க அழுகை, எந்தப் பாட்டுக்குப் பீடி பத்தவைக்க எந்திரிச்சுப் போறாங்க, எல்லாம் கேபின்ல இருந்தே தெரியும்.

நான் ஓட்டுன படங்கள்ல, ஆம்பளைய விரும்புற ஆம்பளன்னா இடுப்ப நெளிச்சுக்கிட்டு வர்ற காமெடிதான். கொட்டகையே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன். நீ என் பக்கத்துல காலி ரீல் பெட்டி மேல உக்காந்து, ரெண்டாவது ஓட்டை வழியா பாத்துட்டு இருப்பே. பத்தாங்கிளாஸ்ல திடீர்னு கேபினுக்கு வர்றத நிறுத்திட்டே. படிக்கான்னு நெனச்சேன். ஊரெல்லாம் பெருமையா வேற சொன்னேன்.

உங்க விழாவுலயும் சிரிச்சாங்க. அந்தக் குறும்படத்துல வயசான ரெண்டு ஆம்பளைங்க, 30 வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு, காப்பியில சீனி கூடிப்போச்சுன்னு சண்டை போடுவாங்கல்லா, அங்க ஹாலே சிரிச்சுது. நானும் உங்கம்மாவ நெனச்சுச் சிரிச்சேன். அது வேற சத்தம், எய்யா. யாரையும் குத்தாத சத்தம். அதக் கேட்டப்பதான் பழைய சிரிப்பு எனக்கு உறைச்சுது. உன்னப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் சிரிச்ச ஒவ்வொரு தடவைக்கும் அப்பாவ மன்னிச்சிரு.

1998-ல தீபா மேத்தாவோட 'ஃபயர்' படத்துக்காக பம்பாய்லயும் டெல்லியிலயும் தியேட்டர அடிச்சு நொறுக்குனாங்க. பேப்பர்ல படிச்சேன். அங்க இருந்த ஆபரேட்டருக்கு என்ன ஆச்சோன்னுதான் கவலைப்பட்டேன். ரெண்டு பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் நேசிக்கிற படம். அதப் பாக்க எத்தனை பேரு பயந்து பயந்து டிக்கெட் எடுத்திருப்பாங்கன்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

இடைவேளையில உன் சிநேகிதி ஒண்ணு சொன்னா. 1977-ல சான்பிரான்சிஸ்கோவுல இந்த மாதிரி விழாவ, செவுத்துல பெட்ஷீட்டத் தொங்கவிட்டு, தாங்களே சூப்பர் 8-ங்கிற சின்ன பிலிம்ல எடுத்த படங்களப் போட்டு ஆரம்பிச்சாங்களாம். இன்னமும் நடக்குதாம். கோயில் கொடைக்கு வேட்டியத் திரையாக் கட்டிப் படம் போட்டவனுக்கு அதக் கேட்டதும் அவங்க நம்ம ஆளுங்க மாதிரியே இருந்துச்சு.

அவதான் ஒருத்தர ஒருத்தர் விரும்பி மதுரையில இருந்து சென்னைக்கு ஓடிவந்த ரெண்டு பொண்ணுங்க வழக்கையும் சொன்னா. ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது முழுசாப் புரியலன்னு வெளிப்படையாவே சொல்லிட்டு, உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் 2021-ல அவங்களுக்குப் பாதுகாப்பா உத்தரவு போட்டாராம். அந்தப் பிள்ளைங்க முகத்த முன்னப்பின்ன பாத்திராத மனுசன் அவரு. உன்னத் தோள்ல தூக்கிச் சுமந்த எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு.

ஒண்ணு கேக்கேன். பொங்கலுக்கு வரும்போது அந்தக் குறும்படத்தக் கேட்டு வாங்கிட்டு வா, சின்ன புரொஜக்டர் ஒண்ணும் எடுத்துட்டு வா. மொட்டைமாடியில வேட்டி கட்டிப் போடுவோம். நீ சரின்னா சித்தப்பாவையும் அத்தையையும் நானே போய்க் கூப்பிடுதேன். வந்தா வரட்டும். வரலேன்னாலும் படம் ஓடும்.

உனக்குப் பிடிச்ச அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா. அம்மா சொதி வைக்கேன்னு சொல்லிட்டா, இஞ்சிப் பச்சடியும் உண்டாம். நம்ம பக்கம் மறுவீட்டுக்கு யாரு வந்தா சொதி வைப்பாங்கன்னு உனக்குத் தெரியும்லா.

அப்பா