நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கலாம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உனக்கு எழுதி பதினான்கு மாதம் ஆகிறது. உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாதவன் நான்தான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிறைய சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல நாளாக இதை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

என் ஸ்பீக்கர் ஜோடியில் வலது பக்கம் மந்தம்தான். நீ சொன்னது சரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீ முதன்முதலாகச் சொன்ன அன்றே சரி.

எப்படித் தெரிந்தது என்று கேள். அறைக்கு வண்ணம் அடிப்பதற்காக ஆல்டெக் ஏ7 ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் நகர்த்த வேண்டியிருந்தது. அதன் எடைதான் உனக்குத் தெரியுமே. மேலே இருந்த 511பி ஹார்ன்களை, அதாவது மேல் ஸ்தாயிக் குழல்களை, இறக்கி, அவற்றுக்குள் ஒலி எழுப்பும் 802 டிரைவர்களைக் கழற்றி மேசையில் வைத்தேன். எல்லாம் முடிந்து திரும்ப மாட்டும்போது டிரைவர்கள் இடம் மாறிவிட்டன. நான் கவனிக்கவில்லை. அன்று இரவு பழைய மோனோ ரெக்கார்டு ஒன்றைப் போட்டேன். பாடகியின் குரல் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் 'ச' வரும்போதெல்லாம், 'ஸ்' வரும்போதெல்லாம், அந்த எழுத்து மட்டும் குரலைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வலது பக்கம் போய் விழுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மந்தம் இடது பக்கத்துக்கு வந்துவிட்டது! சுவர் அங்கேயேதான் இருக்கிறது, திரை அங்கேயேதான் தொங்குகிறது. மந்தம் மட்டும் டிரைவரோடு சேர்ந்து நடந்து போயிருக்கிறது.

அப்புறம் தூங்கவில்லை. மைக்கை ஹார்ன் வாய்க்கு நேராக வைத்து, இரண்டு டிரைவர்களையும் ஒரே பக்கத்தில் மாறி மாறி மாட்டி அளந்தேன். 1,000 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. மேலே போகப் போக விலகுகிறது. 8,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ மூன்று டெசிபல். உள்ளே அதிரும் மெல்லிய தகடான டயஃப்ரம் தளர்ந்திருக்கும் என்று நினைத்து இரண்டு டயஃப்ரங்களையும் மாற்றி மாற்றிப் போட்டேன். நல்ல டிரைவரில் இரண்டுமே நன்றாகப் பாடின. கெட்டதில் இரண்டுமே மங்கின. ஹார்னை மாற்றினேன், பேஸையும் மேல் ஸ்தாயியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை மாற்றினேன், ஒயரைக்கூட மாற்றினேன். மிச்சம் ஒன்றுதான். காந்தம்.

காந்தம் பலவீனமானால் மொத்தச் சத்தமும் குறையும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். நேரடியாகக் காற்றில் அடிக்கும் கூம்பு ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் சரி. ஹார்ன் கழுத்தில் மாட்டும் இந்தக் கம்ப்ரெஷன் டிரைவரில் கதை வேறு. நடு ஸ்வரங்களில் டயஃப்ரத்துக்கு முன்னால் நிற்கும் சுமை ஹார்னுக்குள் இருக்கும் காற்றுதான். அந்தக் காற்றைத் தள்ள வேண்டிய அளவைவிடக் காந்தத்திடம் பலம் கூடவே இருப்பதால், கொஞ்சம் குறைந்தாலும் நடு இடத்தில் பெரிதாகத் தெரியாது. மேல் ஸ்தாயியில் சுமை காற்றில்லை, டயஃப்ரத்தின் சொந்த எடை. விநாடிக்குப் பத்தாயிரம் தடவை அந்த எடையை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். காந்தத்தில் குறைந்த ஒவ்வொரு துளியும் அங்கே அப்படியே தெரிந்துவிடும். அதனால்தான் நீ ஒருநாளும் 'வலது பக்கம் சத்தம் கம்மி' என்று சொல்லவில்லை. 'வலது பக்கம் தூங்குகிறது' என்றுதான் சொன்னாய். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொல்லியிருக்கிறாய், கேட்க எனக்குத்தான் மனமில்லை.

எப்போது பலம் போயிருக்கும் என்று யோசித்தேன். அந்த டிரைவர் கரகரக்கிறது, இடுக்கில் ஏதோ துகள் மாட்டியிருக்கிறது என்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். நாம் இருவரும் அவரைப் பாராட்டிவிட்டு வந்தோம். அவர் காந்தக் கூட்டையே பிரித்துத் துடைத்திருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. அடிப்பக்க ஸ்க்ரூ தலைகளில் தடம் இருக்கிறது. அல்னிகோவுக்கு அது ஆகாது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அந்தக் காந்தத்தைச் சுற்றியிருக்கும் இரும்புப் பாதையிலிருந்து வெளியே எடுத்த அந்த நிமிடமே பலத்தில் ஒரு பகுதி போய்விடும். திரும்ப உள்ளே வைத்தாலும் வராது. முழுசாகப் பூட்டிய பிறகு மறுபடியும் காந்தமேற்ற வேண்டும். அதை அவர் செய்யவில்லை, நாமும் கேட்கவில்லை.

இப்போது ஏற்றியாகிவிட்டது. டிரைவரை ஒரு கனத்த காயிலுக்குள் வைத்து, கெபாசிட்டர் வங்கியிலிருந்து ஒரே அடியாக மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வருடக் குறை, மாப்பிள்ளை, ஒரு 'டப்' சத்தத்தில் போய்விட்டது. திரும்பி வந்து முன்போலவே ஒரே பக்கத்தில் மாட்டி அளந்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போகின்றன.

இதோடு நின்றிருந்தால் சந்தோஷமாக நாலு வரி எழுதி முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் அக்காவிடம் பேசினேன். டிரைவர் கதையைச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அவன் அந்த வருஷம் ரெண்டு தடவை காது டெஸ்டுக்குப் போனான், உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது.

உன் வலது காது மந்தம் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! நம் ஸ்பீக்கர் வாத்தியார் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். நீ டிரெபிளைக் கூட்டச் சொன்ன ஒவ்வொரு தடவையும் காதைத் தொட்டுக் காட்டினேன். நீயும் சிரித்தாய், அதனால் அது நமக்குள் ஒரு வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் நீ கேட்க வருவது குறைந்தது. வேலை அதிகம் என்றாய், நான் நம்பினேன். சோதனையில் குறை ஒன்றுமில்லை என்று வந்த பிறகும், 'கருவிக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது' என்று நீ நினைத்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள். சரியாகக் கேட்ட காதைச் சந்தேகப்பட வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதினாலும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மன்னித்துவிடு.

என்னை உறுத்துவது இன்னொன்று. சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் தேவைப்பட்டிருக்காது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் போதும். குறை உன் காதில் என்றால் மந்தம் அதே காதில் தங்கியிருக்கும். ஸ்பீக்கரில் என்றால் இடது காதுக்கு மாறியிருக்கும். இரண்டு நிமிட வேலை. இருவரும் இதைச் செய்யவில்லை. நீ என்னை நம்பினாய், நான் என் ஸ்பீக்கரை நம்பினேன்.

வாத்தியார் அடிக்கடி சொல்லும் தட்டு நடனக் (டேப் டான்ஸ்) கதை இந்த நாட்களில் ஓயாமல் ஞாபகம் வருகிறது. 1930களில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் ஒரு நடனக் காட்சியைப் போட்டுப் பார்க்கும்போது, காலணியின் ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டதாம். பேஸ் ஹார்னின் சுருண்ட பாதை, மேல் ஹார்னின் பாதையைவிடப் பல அடி நீளம். ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல்தான் போகும், அதனால் பேஸ் ஓசை பின்தங்கி வந்திருக்கிறது. அங்கிருந்த ஒலிப் பொறியாளர் ஜான் ஹில்லியர்டும் மற்றவர்களும் 'காது ஏமாற்றுகிறது' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பாதையைச் சுருக்கினார்கள். ஸ்டூடியோவின் ஒலிப் பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரரின் பெயரில் வந்த அந்த ஹார்ன் அமைப்பு 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதை வாங்கியது. அதற்கு டிரைவர் செய்து கொடுத்தவர்களில் ஜேம்ஸ் லான்சிங்கும் ஒருவர். அவர் கம்பெனியை 1941இல் ஆல்டெக் வாங்கியது. நம் ஏ7 அந்த வம்சத்தில் வந்ததுதான். யாரோ ஒருவர் 'இரண்டாகக் கேட்கிறது' என்று சொன்னதை இன்னொருவர் மதித்ததால் பிறந்த வம்சம் என் அறையில் நிற்கிறது, அதன் முன்னால் உட்கார்ந்துதான் நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

சரி, இனி மற்ற கதை. இது கொஞ்சம் புகார்.

காந்தம் சரியானதும் எல்லாம் அழகாகிவிடும் என்று நினைத்தேன். சகிக்கவில்லை! வலது பக்கம் காதைக் குத்துகிறது. ஏன் என்று பார்த்தால், 'அறைதான் காரணம்' என்று சொல்லிக்கொண்டு நான் வருடக்கணக்கில் வலது பக்கத்தில் மட்டும் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கிராஸ்ஓவரில் கெபாசிட்டர் மதிப்பு மாற்றியிருக்கிறேன். ஹார்னின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்டெனுவேட்டரை ஒரு படி ஏற்றியிருக்கிறேன். ஹார்னை உள்பக்கம் திருப்பியிருக்கிறேன். ஒரு மின்தடைக்குக் குறுக்கே இன்னொன்று இருக்கிறது, அது எப்போது வந்தது என்றே தெரியவில்லை. எதிலும் தேதி இல்லை, பழைய மதிப்பு என்ன என்ற குறிப்பும் இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து இடது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் பழையபடி ஆக்கினேன். இப்போது உள்ளே எதைத் தொட்டாலும் ஒரு துண்டு டேப்பில் தேதி எழுதி ஒட்டுகிறேன்.

ஹார்ன் இடத்தையும் புதிதாக அமைத்தேன், நீ கற்றுக்கொடுத்த முறையில்தான். மேல் டிரைவரின் ப்ளஸ் மைனஸைத் தலைகீழாக மாற்றி, 500 ஹெர்ட்ஸ் தொனியைப் போட்டுவிட்டு, ஹார்னை விரல் அளவு விரல் அளவாக முன்னே பின்னே நகர்த்தினேன். ஓரிடத்தில் சத்தம் குழிக்குள் விழுந்த மாதிரி அமுங்கியது. அங்கேயே நிறுத்தி, ஒயரைச் சரியாக மாட்டினேன். பாடகருக்கு நெஞ்சும் தொண்டையும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்துவிட்டன. இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதற்குத்தான் ஒன்றையும் தொடாதே என்றேன்" என்றார். அவர் வழி உனக்குத் தெரியும், ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப விடமாட்டார். அலமாரியில் 555 டிரைவர் ஒன்று வைத்திருக்கிறாரே, 1920களின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் சாமான், பேசும் படம் வந்த காலத்தில் அரங்கை நிரப்பியது, அதை இத்தனை வருடத்தில் ஒருதடவைகூடப் பாடவைத்ததில்லை. அதில் காந்தமாக வேலை செய்யும் ஃபீல்டு காயிலுக்கு 7 வோல்ட் கொடுத்தால் போதும், உயிர் வந்துவிடும். கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார். அவரிடம் எனக்கு மரியாதை குறையவில்லை, ஆனால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கப்படாத ஹார்ன் வெறும் உலோகம். அதற்காக ஏ7 பெட்டியை ரம்பத்தால் அறுத்துவிட்டு 'வரவேற்பறைக்கு அடக்கமாக ஆக்கினேன்' என்று படம் காட்டுகிறவர்களையும் என்னால் பொறுக்க முடியவில்லை. அறுத்ததை யார் ஒட்டுவது? திருப்பி எடுக்க முடிகிற மாற்றம் எதுவானாலும் செய்யலாம், இதுதான் என் கட்சி. பெட்டிக்குள் குறுக்குச் சட்டம் கொடு, பலகை அதிர்வது அடங்கும். வற்றிப்போன கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் புதிது போடு, பழையதைக் கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வை. அவ்வளவுதான்.

நீ உன் 511பி முதுகில் தார் பூசினாயே, அது எந்தக் கட்சி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. விரலால் தட்டினால் மணி மாதிரி கணகணத்த வார்ப்பு அலுமினியம் பூசிய பிறகு 'தொப்' என்றது. அது நிஜம். ஆனால் ஆறு மாதம் உன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சாலை போடுகிறார்களா என்று கேட்டார்களே! அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. நானும் என் ஹார்ன்களின் அதிர்வை அடக்க வழி தேடுகிறேன், ஆனால் தார் இல்லாமல். மணல் நிரப்பிய மரக்கூட்டுக்குள் புதைத்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். உன் அபிப்பிராயம் வேண்டும்.

அந்த மர ஹார்ன் என்ன ஆயிற்று? டிராக்ட்ரிக்ஸ் என்ற ஹார்ன் வளைவுக்காக நாம் தரையில் கயிறு கட்டி இழுத்து வரைந்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. பலகைத் துண்டுகளை நீ அடுக்கி ஒட்டி, பாதி கடைந்து, மேல்மாடியில் போட்டுவிட்டாய். நிறுத்திய வருடம் எது என்று இப்போது கணக்குப் பார்த்தேன். காது சோதனைக்குப் போன அதே வருடம். அதை முடி, மாப்பிள்ளை. கடைசல் உன் கை, தேய்ப்பது நான். என் டிரைவர்களை அதில் மாட்டிப் பார்க்க வேண்டும், வாய்ப்பக்கம் அப்படி அகலமாக விரிந்து முடிகிற ஹார்னில் குரல் எப்படி வரும் என்று நாம் அன்று விடிய விடியப் பேசினோமே.

மாதக் கடைசியில் இரண்டு நாள் வா. அட்டெனுவேட்டர்கள் இரண்டையும் நடு அளவில் வைத்து, மேலே டேப் ஒட்டிவிட்டேன், உன் காதைக் கேட்காமல் தொடப்போவதில்லை. நாற்காலியை நேற்றே திருப்பிப் போட்டிருக்கிறேன், முதுகு ஸ்பீக்கரைப் பார்த்தபடி. முதல் பாட்டை அப்படி உட்கார்ந்து கேள். அப்புறம் நீயே திருப்பிப் போட்டுக்கொள்.

வரும்போது மர ஹார்னின் கழுத்துத் துண்டை மட்டுமாவது எடுத்து வா, டிரைவரை மாட்டும் ஃபிளாஞ்ச் துளை பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய மாப்பிள்ளை