விலா தெரியும் குதிரைக்கு இனம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில், தாய் தகப்பன் தெரியாத தன் குதிரையின் படத்தை அனுப்பி இது என்ன இனம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மெல்லிய கால், ஒடுங்கிய மார்பு, செம்பழுப்பு நிறம், அதனால் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம், பந்தயத்தில் ஓடிய குதிரையாக இருக்கும் என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. இதே மாதிரி ஒரு பதிலை நம்பித்தான் என் குதிரையை நான் நொண்டியாக்கப் பார்த்தேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் குதிரையும் எலும்பும் தோலுமாகத்தான் வந்தாள். பதிவுக் காகிதம் எதுவும் இல்லை. விற்றவர் தரோபிரெட் என்றார், பார்க்கவும் அப்படித்தான் இருந்தாள். அந்த இனத்துக்குச் சட்டென்று சதை பிடிக்காது, தீனி தாராளமாக வைக்க வேண்டும் என்று குதிரை வளர்க்கிறவர்கள் சொல்வார்கள், அது பொதுவாகச் சரிதான். நானும் தானியத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஐந்தாறு மாதத்தில் விலா மறைந்து முதுகு நிறைந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பிடரிக்கு அடியில் கழுத்து மேடு தடித்துக் கெட்டியாகிக்கொண்டே வந்ததைத் தினமும் தேய்த்துவிடும்போது கை உணர்ந்தது, ஆனால் எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் காலையில் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றவள் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்றாள். குளம்பில் கை வைத்தால் சுட்டது. அதற்குச் சற்று மேலே விரலை வைத்தால் நாடி தட்டுவது தெரிந்தது. குளம்பு அழற்சி. மருத்துவர் வந்து முதலில் அவள் கழுத்தைத்தான் பிடித்துப் பார்த்தார். இது போனி என்கிற குட்டை வகைக் குதிரையின் ரத்தம் கலந்த உடம்பு, கொஞ்சம் தின்றாலே கொழுக்கும், பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள் என்றார். திரும்ப ஒழுங்காக நடக்க அவளுக்கு மாதக்கணக்கானது.

பட்டினி கிடந்தால் எந்தக் குதிரையும் ஒல்லியாகி, கழுத்து மெலிந்து, கால் நீளமாகத் தெரிந்து பந்தயக் குதிரை மாதிரிதான் நிற்கும். குளிர்கால முடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டால் அதே குதிரை போனி மாதிரி தெரியும். முழு வளர்ச்சிக்கு ஐந்து ஆறு வயது வரைகூட ஆகும் என்பதால் இரண்டு வயதுக் குட்டியின் உருவத்தை வைத்தும் ஒன்றும் சொல்வதற்கில்லை. நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தச் செம்பழுப்பு எத்தனையோ இனங்களில் இருக்கிறது. இவ்வளவு ஏன், நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதைப் பார்த்தாலே மார்வாரி என்று அடித்துச் சொல்வார்கள், ஆனால் கத்தியவாரிக்கும் அதே காதுதான். நடையை வைத்துச் சொல்வதும் இதே கதைதான். சில குதிரைகளுக்கு இயல்பாகவே குலுக்காத தனி நடை வருவதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2012-இல் கண்டுபிடித்தார்கள், அது ஐஸ்லாந்துக் குதிரையிலிருந்து பாசோ ஃபினோ வரை பல இனங்களில் இருக்கிறது.

இதில் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது, உங்கள் பதிலில் அது வரவேயில்லை. தரோபிரெட் என்பது ஓர் உருவத்தின் பெயர் இல்லை, அது ஒரு பதிவேட்டின் பெயர். 1791-இல் தொடங்கிய அந்த வம்சாவளிப் பதிவேட்டின்படி ஆண்வழியில் எல்லாக் குதிரைகளும் மூன்றே பொலிகுதிரைகளில் போய் முடிகின்றன. பெற்றோர் யாரென்று தெரியாத குதிரை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அந்த ஏட்டில் ஏற முடியாது. அதற்கு வகை சொல்லலாம், இனம் சொல்ல முடியாது.

சரி, டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்பீர்கள். நானும் செய்தேன். பிடரி முடியை நாலைந்தாக விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்து, அடியில் வெள்ளையாகக் குமிழ் மாதிரி வேர் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, முப்பது முடிக்கு மேல் சேர்த்து அனுப்பினேன் (வேர் இல்லாமல் அறுந்து வந்தால் பயனில்லை). மூன்று இனப் பெயர்கள் வந்தன. வெல்ஷ் போனி, மார்கன், மூன்றாவது நான் கேள்வியே படாத ஒன்று. தரோபிரெட் அதில் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம்தான் விளங்கியது. அந்த ஆய்வுக்கூடம் தன்னிடம் மாதிரி இருக்கிற இனங்களோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அவர்களிடம் மாதிரியே இல்லாத இனம் பட்டியலில் வரவே வராது. நாலைந்து தலைமுறை கலந்த குதிரை என்றால், கொள்ளுப்பாட்டன் ஒருவரின் பங்கு சராசரியாக எட்டில் ஒன்றுதான், அதைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். இன்னாருக்குப் பிறந்ததா என்று சந்தேகப்படுகிற தாயின் முடியையோ பொலிகுதிரையின் முடியையோ சேர்த்துக் கொடுத்தால் அது வேறு சோதனை, அதில் பதில் தெளிவாகவே கிடைக்கும். குவார்ட்டர் என்ற அமெரிக்க இனக் குதிரைகளில் இம்ப்ரெசிவ் என்ற பொலிகுதிரை வழியாகப் பரவிய தசை நோய் மாதிரியானவற்றையும், இனம் என்னவென்று தெரியாமலே, அதே மாதிரி முடியை வைத்து நேரடியாகச் சோதிக்கலாம்.

அந்த வாசகருக்கு அடுத்த இணைப்பிலாவது திருத்தம் போடுங்கள். கழுத்தின் இடப்பக்கத்தில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கட்டும், பிடரிக்கு அடியில் முடியை ஈரமாக்கி ஒதுக்கி, குளிர்ந்த இரும்பால் அடையாள முத்திரை போட்ட இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பழைய பதிவு கிடைத்தால் கிடைப்பது அப்படித்தான். இல்லையென்றால் உயரத்தை அளந்து, பல்லைக் காட்டி வயதைக் கேட்டு வைத்துக்கொண்டு, இனம் தெரியாது என்றே எழுதிவைக்கட்டும். தானியத்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம், கழுத்து மேட்டை வாரம் ஒரு முறையாவது கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்