ஃபிளாட்ஹெட் ரோட்ஸ்டர் கட்டுமானம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், வார இறுதிகளில் பட்டறைக்கு வந்து உழைத்த உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1929 மாடல் ஏ ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) உடலை 1932 ஃபோர்டு சேஸிஸில் ஏற்றி, வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்த ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சினுடன் நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்கான வண்டி ஒன்றைக் கட்டுவதென்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. எஞ்சின் கோத்தாகிவிட்டது. சேஸிஸும் பாதுகாப்புக் கூண்டும் முடிந்தன. வயரிங், எரிபொருள் குழாய், தீயணைப்புக் குழாய் ஆகிய மூன்றும் பாக்கி. வண்டி இன்னும் களம் காணவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கை வேலையைப் பற்றியது மட்டும்.

பந்தயப் பிரிவு பற்றி முதலில் ஒரு சொல். இந்த வேகப் பந்தயங்களை நடத்தும் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் விதிகளில் 1932 முதல் 1953 வரையிலான ஃபோர்டு, மெர்க்குரி ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சின்களுக்கு எக்ஸ்.எஃப். என்று தனிப் பிரிவு இருக்கிறது. வண்டி வகையில் நாம் பெட்ரோலில் ஓடும் ரோட்ஸ்டர். ஸோரா ஆர்கஸ்-டன்டவ் சகோதரர்கள் 1940-களில் உருவாக்கிய ஆர்டன் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) பொருத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அது வால்வை மேலே கொண்டுபோய்விடும், வண்டியும் வேறு பிரிவுக்குப் போய்விடும். பக்க வால்வோடு எவ்வளவு போகலாம் என்று பார்ப்பதுதான் தீர்மானம் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பிளாக் தேர்வு

ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் இதற்கே போயின. அவ்வளவும் தேவைப்பட்ட காலம்தான். அமெரிக்க ஃபோர்டு கார்களில் இந்த எஞ்சின் 1953-உடன் நின்றது. கிடைப்பவை எழுபது ஆண்டு தாண்டிய வார்ப்புகள். போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), வால்வு சீட் வெட்டி, போர்ட்டிங் (வாயு போகும் வழிகளை அரைத்துச் சீராக்குவது) முடித்த பிறகு விரிசல் தெரிந்தால் அத்தனை பணமும் வீண். ஆகவே சோதனை முடியாமல் எந்த பிளாக்கிலும் கருவி படக்கூடாது என்பதை விதியாக வைத்தோம்.

நம்மிடம் வந்தவை மூன்று பிளாக்குகள்: ஒரு 59ஏ (1949-க்கு முந்தைய வார்ப்பு), இரண்டு 8பிஏ (1949–53 வார்ப்பு). முதல் வேலை ஊறவைத்துக் கழுவுவது. ஃபிளாட்ஹெட் நீர்ச்சட்டையில் வார்ப்பு மணலும் வார்ப்புக் கம்பித் துண்டுகளும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்தே தங்கியிருக்கும். மேலே துருச்சேறு படிந்து கல்லாகியிருக்கும். எஞ்சின் சூடாகிறது என்று ரேடியேட்டரைக் குறை சொல்பவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் இந்த மணல்தான். நீர்த்துளைகள் வழியே கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்ததில் ஒரு பிளாக்கிலிருந்து மட்டும் ஒரு பெரிய டப்பா நிறைய வந்தது.

பிறகு காந்தத் துகள் சோதனை, அதன் பின் அழுத்த நீர்ச் சோதனை. விரிசல் தேடவேண்டிய இடங்கள்: வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, ஹெட்டை இறுக்கும் ஸ்டட்களின் துளையிலிருந்து நீர்த்துளைக்கு, எக்ஸாஸ்ட் சீட்டின் உள்விளிம்பு. ஸ்டட் துளையிலிருந்து கிளம்பும் சிறு விரிசலைத் திருகூசி வைத்துத் தைத்துவிடலாம். வால்வு சீட்டைக் கடந்து சிலிண்டர் சுவருக்குள் இறங்கியது என்றால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) போடவேண்டும். அதே பக்கத்தில் இரண்டு சிலிண்டருக்கு அப்படி இருந்தால் அந்த பிளாக்கை ஒதுக்குவதே நல்லது. 59ஏ அப்படித்தான் ஒதுக்கப்பட்டது. 8பிஏ ஒன்றில் ஒலி அலைக் கருவியால் சுவர் தடிமன் அளந்தபோது, ஒரு சிலிண்டர் போரிங் தாங்காது என்று தெரிந்தது. மீதமுள்ள ஒன்றே தேறியது. போரிங்குக்குப் பிறகும் சுவர் 0.100 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது நாம் வைத்துக்கொண்ட வரம்பு.

8பிஏ தேறியதில் ஒரு நன்மையும் உண்டு. 59ஏ-யில் பெல்ஹவுஸிங்கின் (கிளட்சை மூடும் உறை) மேல்பாதி பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. 8பிஏ-யின் பின்புறம் தட்டை. கிளட்ச் வெடித்தால் சிதறல் ஓட்டுநர் காலை அடையாமல் காக்கும் எஃகு உறையை இதில் நேராகப் பொருத்தலாம்.

எஞ்சின்

சிலிண்டர் விட்டம் 3.375 அங்குலம். கிராங்க் 1949–53 மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்). மொத்தம் 286 கன அங்குலம். அந்த கிராங்க் 8பிஏ பிளாக்கில் மாற்றமில்லாமல் உட்காரும் என்பதால் வறண்ட ஏரித்தரையில் ஓட்டிய அன்றைய பந்தயக்காரர்கள் விரும்பித் தேடியது அது.

கிராங்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிராங்கில் பிஸ்டன் ராடுகள் உட்காரும் பகுதிகளான ராடு ஜர்னல்கள் உள்ளே பொள்ளலானவை. எண்ணெய்ச் சேறு தங்குவதற்கென்றே விட்ட குழிகள் அவை, முனையில் அடைப்பு இருக்கும். வெளியே கழுவிப் பளபளப்பாக்கிவிட்டு அடைப்பைக் கழற்றாமல் விட்டால், முதல் முழுவேக ஓட்டத்திலேயே பழைய சேறு கிளம்பிப் புது பேரிங்கைத் தின்றுவிடும். எல்லா அடைப்புகளையும் கழற்றி, சுத்தம் செய்து, புது அடைப்பு போட்டுத் தட்டி இறுக்கியாகிவிட்டது. மெயின் பேரிங் மூன்றே மூன்று. அதனால் கிராங்க் வேகத்தில் வளையும். ராடு, பிஸ்டனோடு சேர்த்து பேலன்ஸ் செய்யாமல் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டக்கூடாது. பேரிங் இடைவெளி மெயினுக்கும் ராடுக்கும் 0.0025 அங்குலம். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு சிலிண்டரில் 0.004 அங்குலம்.

ஃபிளாட்ஹெட்டின் சிக்கல் எல்லாம் எக்ஸாஸ்டில் தொடங்குகிறது. வால்வுகள் வி-யின் உள்பக்கம், எக்ஸாஸ்ட் வெளியேறும் வாய்கள் வெளிப்பக்கம். எரிந்த வாயு சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கைக் குறுக்கே கடந்துதான் வெளியே போகவேண்டும். போகும் வழியெல்லாம் நீரைச் சூடாக்குகிறது. இதற்கு மேல், ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருந்தும் வாய் மூன்றுதான். நடு இரண்டும் ஒரே வாயைப் பகிர்கின்றன. தீப்பற்றும் வரிசையைப் பாருங்கள்: 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. நடு சிலிண்டர்களான 6, 3, 7, 2 நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகவே பற்றுகின்றன. ஒரே வாயைப் பகிரும் 3-க்கும் 2-க்கும் இடையே 180 பாகைதான், 6-க்கும் 7-க்கும் அதே. எக்ஸாஸ்ட் வால்வு அதைவிட அதிக நேரம் திறந்திருப்பதால் ஒன்றின் வாயு மற்றொன்றுக்குள் தள்ளுகிறது. நடு வாயில் தடுப்புத் தகடு பொருத்தினால் இது குறையும். தகட்டை இறுக்கமாகப் பிடிக்கவைக்க வேண்டும். ஆடினால் சூட்டில் கழன்று வால்வு வரை போகும்.

போர்ட்டிங்கில் கவனிக்கவேண்டியது ஒன்றே: எக்ஸாஸ்ட் வழியின் கூரைக்கு மேல் நீர் ஓடுகிறது. அரைக்கும்போது அவசரப்பட்டால் ஓட்டை விழும். வளைவைச் சீராக்கினால் போதும், அகலப்படுத்துவதில் லாபம் குறைவு. இன்டேக் வால்வு 1.6 அங்குலம், எக்ஸாஸ்ட் பழைய அளவு. வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக்கின் மேற்பரப்பைக் குழித்து எடுக்கும் பழைய பழக்கத்தை நாம் பின்பற்றவில்லை. காற்று சற்று எளிதாகப் போகும் என்பது உண்மை. ஆனால் அழுத்த விகிதம் இறங்குகிறது, விரிசல் விழும் இடமே மெலிகிறது. இதில் கருத்து வேறுபாடு உள்ள உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த பிளாக் கிடைத்தால் அதில் செய்து ஒப்பிடலாம்.

அழுத்த விகிதம் 8-க்கு 1. இதற்கு மேல் ஏற்ற ஹெட்டைத் தாழ்த்தவேண்டும். தாழ்த்தினால் வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று தாண்டும் வழியே சுருங்கும். ஹெட் பொருத்துமுன் பிஸ்டன் மேலும் வால்வுகள் மேலும் களிமண் வைத்து, கேஸ்கெட்டோடு இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்தோம். பிஸ்டனுக்கு மேல் குறைந்தது 0.045, வால்வுக்கு மேல் 0.060 அங்குலம். இதில் ராக்கர் (ஏற்றத்தைப் பெருக்கும் நெம்புகோல்) கிடையாது, வால்வைத் தள்ளும் கேமின் ஏற்றமே வால்வின் ஏற்றம். கேம் 0.400 அங்குலம் ஏற்றம் தருவது.

ஹெட் அலுமினியம், பக்கத்துக்கு 24 ஸ்டட். ஸ்டட் துளைகள் நீர்ச்சட்டைக்குள் திறக்கின்றன. மரைக்கு சீலன்ட் பூசாமல் விட்டால் நீர் ஏறிக் கசியும். நடுவிலிருந்து வெளியே, 20, 35, 50 ஃபுட்-பவுண்டு என மூன்று சுற்றாக இறுக்கினோம். எஞ்சினைச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு மறுபடி இறுக்கவேண்டும். சூட்டிலேயே இறுக்கினால் விரிந்திருக்கும் அலுமினியத்தின் மேல் கை ஏமாறும். ஐந்து முறை செய்த பிறகே ஸ்டட்கள் நகர்வது நின்றது.

கார்புரேட்டர் ஸ்ட்ரோம்பெர்க் 97, மூன்று. கணக்கு இது: 286 கன அங்குலம், 5,200 சுற்று, நிரப்புத்திறன் 80 சதவீதம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 345 கன அடி காற்று வேண்டும். ஒரு 97 தருவது சுமார் 150. இரண்டு போதாது. எரிபொருள் அழுத்தம் 2.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் மிதவை ஊசி தாங்காது, பெட்ரோல் வழியும். ரெகுலேட்டரும் மீட்டரும் கட்டாயம்.

8பிஏ-யோடு வந்த டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் கருவி) எடுத்துவிட்டோம். அது கார்புரேட்டரிலிருந்து வரும் வெற்றிடத்தை மட்டும் நம்பித் தீப்பொறியை முன்தள்ளுவது. ஸ்ட்ரோம்பெர்க்கில் அதற்கான வாய் இல்லை. மாற்றாமல் ஓட்டினால் டைமிங் நகராது, எஞ்சின் மந்தமாகிச் சூடேறும். சுழலும் எடைகளால் முன்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் போட்டு, மொத்தம் 22 பாகையில் நிறுத்தியிருக்கிறோம்.

கியர், சேஸிஸ், பாதுகாப்பு

பின் அச்சு விகிதம் 3.00, டயர் உயரம் 28 அங்குலம். சுற்றை டயர் உயரத்தால் பெருக்கி, விகிதத்தையும் 336-ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால் மணிக்கு மைல் கிடைக்கும். 5,200 சுற்றில் 144 மைல், அதாவது சுமார் 232 கிலோமீட்டர். யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புத்தரையின் மேல் டயர் வழுக்குவதால் அதில் ஒரு பங்கு போய்விடும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட, காற்றைக் கிழிக்க மட்டும் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். இதனால்தான் 1946-இல் பில் பர்க் போர் விமானத்தின் கூடுதல் எரிபொருள் தொட்டியை வண்டி உடலாக்கினார். 1952-இல் அலெக்ஸ் ஸைடியஸின் தொட்டி வண்டி ஃபிளாட்ஹெட்டோடு 198 மைலைத் தொட்டதும் அந்த வடிவத்தால்தான். ரோட்ஸ்டருக்கு அந்தச் சலுகை இல்லை.

கூண்டுக் குழாய் 1⅝ அங்குலம், சுவர் 0.120. சமன் எடையைப் பின் அச்சுக்குச் சற்று முன்னே போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறோம். இந்தப் பந்தயத்தில் எடை எதிரி அல்ல, பிடிமானம் இல்லாததே எதிரி. 175 மைலைத் தாண்டும் வண்டிக்கு பாராசூட் கட்டாயம். நமக்கு இப்போது தேவையில்லை, ஆனாலும் அதற்கான பிடியைப் பற்றவைத்தாயிற்று.

ஓட்டத்துக்கு முந்தைய பரிசோதனை மேசையில் வண்டிகள் திருப்பி அனுப்பப்படுவது பெரிய குறையால் அல்ல. டயர் வால்வுக்கு உலோக மூடி இல்லாதது, த்ராட்டிலுக்கு இரண்டாவது ஸ்பிரிங் இல்லாதது, இருக்கைப் பெல்ட் காலாவதியானது, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவேயுள்ள தடுப்பு) வயர் போகும் துளை அடைக்கப்படாதது, இவைதான். இந்நான்குக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பொதுக்குழு இன்றே நியமிக்கவேண்டும்.

வரும் ஆண்டு

முதலில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரியான எல் மிராஜ். ஓட்டம் 1.3 மைல்தான். ஏதாவது கழன்றால் அன்றே வீடு திரும்பிச் சரிசெய்யலாம். பான்வில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி. ஆகஸ்ட் வெயிலில் காற்று அதைவிட உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும். எல் மிராஜில் 0.045 ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) சரியாக இருந்தால் அங்கே 0.043-இல் தொடங்கவேண்டும். முழு த்ராட்டிலில் இருக்கும்போதே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, உருண்டு நின்றபின் எட்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்துத்தான் அடுத்த ஜெட்டை முடிவு செய்வது. ஓட்டிக்கொண்டே திரும்பி வந்து பார்த்த பிளக் எதையும் சொல்லாது. நடு நான்கு சிலிண்டர்களின் பிளக் வெளுத்திருந்தால், அதாவது பெட்ரோல் போதாமல் இருந்தால், மற்ற நான்கு எப்படி இருந்தாலும் ஜெட்டைக் குறைக்கக்கூடாது.

பான்விலில் சாதனை பதிய ஒரு ஓட்டம் போதாது, மறுநாள் இரண்டாம் ஓட்டத்தோடு சராசரி பார்ப்பார்கள். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பந்தயமான ஸ்பீட் வீக் முதலில் நடந்தது 1949-இல். 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் உப்புத்தரை ஓட்டத்துக்கு உதவாததால் ரத்தானது. ஆகவே பயணச் சீட்டு, தங்குமிடம் எதையும் திரும்பப் பெறமுடியாத முறையில் பதிவு செய்யவேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

பிட்டில் வண்டிக்கு அடியில் விரிக்கத் தார்ப்பாய் வேண்டும். எண்ணெய் உப்பில் சொட்டக்கூடாது. திரும்பும் வழியிலேயே நல்ல தண்ணீரில் ஒருமுறை, வீட்டுக்கு வந்ததும் உடலைத் தூக்கி இரண்டுமுறை கழுவவேண்டும். சேஸிஸ் குழாய்க்குள் தங்கும் உப்பு ஒரு குளிர்காலத்தில் வெல்டிங்கை அரித்துவிடும். இதற்கு ஆறு பேர், இரண்டு முழு நாள். ஓட்டத்துக்கு வரப் பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர், கழுவுவதற்கு இதுவரை இரண்டே பேர். மீதி நான்கு பெயர்களை இக்கூட்டம் முடியுமுன் தரவேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்