1943 அசல் என்று சொல்லி விற்ற எம்1 கேரண்ட்: என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நாலுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது யாராவது ஒருவர் முழுசாகப் படியுங்கள், தயவுசெய்து.

ஆகஸ்டில் 2,850 டாலர் கொடுத்து உங்களிடம் எம்1 கேரண்ட் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கியை வாங்கினேன். "ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, 1943 கடைசி, மறுசீரமைப்புக்கே போகாத அசல், எல்லா எண்களும் பொருந்தும்" என்று விளம்பரத்தில் எழுதியது நீங்கள்தான். வந்த அன்று மாலையே ஆப்பரேட்டிங் ராடின் (போல்ட்டை முன்னும் பின்னும் இயக்கும் தண்டு) கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். பேரலின் (குழலின்) வலது பக்கத்தில் 11-52 என்று அடித்திருக்கிறது. 1943 துப்பாக்கியில் 1952 நவம்பர் பேரல் எப்படி வந்தது? பத்து வினாடி வேலை இது, பழைய ராணுவத் துப்பாக்கிகளை மட்டுமே விற்கும் கடையில் இதைக்கூட ஒருவர் இழுத்துப் பார்க்கவில்லையா?

எல்லா எண்களும் பொருந்தும் என்றீர்களே, எதோடு எது? எம்1-இல் வரிசை எண் ரிசீவரின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் இரும்பு உடலின், பின்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். போல்ட்டிலும் டிரிகர் ஹவுசிங்கிலும் இருப்பவை வரைபட எண்கள், ஒரே வரைபடத்தில் செய்த பாகம் எல்லாவற்றிலும் அதே எண்தான். ஜெர்மன் மவுசர் மாதிரி பாகம் பாகமாக வரிசை எண் அடிக்கும் வழக்கம் இதற்குக் கிடையாது. இது உங்களுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அன்று இரவே போட்டோவோடு எழுதினேன். ஒன்பது நாள் கழித்து "மூன்று நாள் பரிசோதனைக் காலம் முடிந்துவிட்டது" என்று பதில் போட்டீர்கள். அப்புறம் போனில் ஒருவர், பெயர் கேட்டும் சொல்லவில்லை, "சுடுதா இல்லையா? சுட்டா அசல்தான், பிடிக்கலைன்னா வித்துடுங்க" என்று சொல்லி நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். என் வாழ்நாளில் ஒரு கடைக்காரர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மூன்று வருஷம் மாதாமாதம் எடுத்து வைத்த பணம் ஐயா அது.

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றினால் இன்னும் மோசம். ரிசீவரின் காலில் எலெக்ட்ரிக் பென்சிலால் ஆர்.ஆர்.ஏ.டி., 1965 என்று கிறுக்கியிருக்கிறது, அதாவது டெக்சாஸில் இருக்கும் ரெட் ரிவர் ராணுவக் கிடங்கில் மறுசீரமைத்தது. ஆப்பரேட்டிங் ராடிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வெட்டு இருக்கிறது. பழைய ராடுகள் இந்த வெட்டு இருக்கும் மூலையில் விரிசல் விட்டதால்தான் அப்படி வெட்ட ஆரம்பித்தார்கள். கட்டையில் ஜி.ஹெச்.எஸ். முத்திரை. அது ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதத் தொழிற்சாலை ஸ்டூவர்ட் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்த காலத்து எழுத்து, 1942-லேயே முடிந்துவிட்டது. 1943 கடைசியில் செய்த துப்பாக்கியில் அது இருக்கவே கூடாது. மரம் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, முத்திரையின் ஓரம் மட்டும் கத்தி மாதிரி கூராக இருக்கிறது, பிற்பாடு அடித்தது போல. யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, விற்கும் முன் கவனித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

மறுசீரமைத்த துப்பாக்கி மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. போர் முடிந்து திரும்பியவற்றைக் கிடங்குகளில் முழுக்கப் பிரித்து, பாகங்களைக் கலந்து, தேறியதை வைத்து, மறுபடி பார்கரைசிங் (துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் பாஸ்பேட் பூச்சு) செய்து பூட்டினார்கள். அதுவும் வரலாறுதான், எனக்கும் பிடிக்கும். அப்படிச் சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

டிசம்பரில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "நேரில் கொண்டு வாருங்கள், எங்கள் நிபுணர் பார்ப்பார்" என்று நேரம் குறித்துக் கொடுத்தது நீங்கள். கொட்டும் பனியில் 140 மைல் ஓட்டி வந்து இரண்டே முக்கால் மணி நேரம் கவுண்டர் முன்னால் நின்றபின் அவர் அந்த வாரம் முழுக்க விடுமுறை என்றார்கள். அங்கே இருந்த பையன் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே "பழசாத்தான் தெரியுது" என்றான். திரும்பி வீடு சேரும்போது இரவு பதினொன்று. இந்த விவகாரத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது, பத்து வருஷமாகச் சேர்த்த மற்ற துப்பாக்கிகளை எடுத்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

உங்களைக் கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணமில்லை. சரி, சுருக்கமாகச் சொல்கிறேன்: பதினான்கு நாளுக்குள் 2,850 டாலரும் டீலர் கட்டணமும் என் கணக்குக்கு வரட்டும். வராவிட்டால் கார்டு நிறுவனத்திடமும் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் போகும், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுக்கும் வருவேன். போட்டோ எல்லாம் தேதியோடு இருக்கிறது.

பணம் வந்ததும் உரிமம் உள்ள டீலர் மூலம் துப்பாக்கியை அனுப்பி வைக்கிறேன், அனுப்பும் செலவு உங்களுடையது. அந்த விளம்பரம் நேற்று இரவு வரை உங்கள் பக்கத்தில் அப்படியேதான் இருந்தது. முதலில் அதை எடுங்கள். இனி என்னை அழைப்பதாக இருந்தால் அந்தப் போன்காரர் வேண்டாம், வேறு யாராவது பேசட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்