ஜபேர் என்றால் தோல்வி மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

துனிசியாவின் டென்னிஸ் வீராங்கனை ஒன்ஸ் ஜபேரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மூன்று கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகள்) இறுதிகளில் தோற்றதைத்தான் பலரும் சொல்கிறார்கள். 2022, 2023 விம்பிள்டன், 2022 அமெரிக்க ஓபன். சரி, தோற்றார். ஆனால் அவருக்கு முன் எந்த அரபுப் பெண்ணும் ஒற்றையர் இறுதி வரை போனதே இல்லையே! 2011-ல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டம் வென்றவருக்கு, முதல் டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) பட்டம் கிடைக்கப் பத்து ஆண்டு ஆனது. மறு ஆண்டே மாட்ரிட் பட்டம், உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம். எல்லாரும் ஓங்கி அடிக்கும் காலத்தில், எதிராளியைப் பின்கோட்டில் நிறுத்திவிட்டு வலையோரம் பந்தை மெல்ல உதிர்க்கும் அவரது டிராப் ஷாட் தனி ரகம். அவருக்கு முன்பே முதல் நூறு பேருக்குள் வந்த துனிசியாக்காரர் செலிமா ஸ்ஃபாரைப் பற்றியும் விளையாட்டுப் பக்கத்தில் எழுதுங்களேன்.

டென்னிஸ் ரசிகை ஒருவர்