சட்டை மடிப்பில் இருந்த தூசி

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது, லேபில் வரிசையாக நைட் டியூட்டி, அதனால்தான் தாமதம், திட்டாதே. உன் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் அன்றைக்கே பார்த்துவிட்டேன். மில்லிக்கு 11 மில்லியன் விந்தணு, அதில் முன்னோக்கி நீந்துபவை 22 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் போட்ட கீழ் வரம்பு 16 மில்லியன், 30 சதவீதம். குறைவுதான், ஆனால் கதை முடிந்துபோன குறைவு இல்லை. ஒரே சாம்பிளை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது, சில வாரம் கழித்து இன்னொன்று கொடு.

சரி, பேட்டரி வேலையின் ஈயமும் சிகரெட்டும் செய்த கெடுதலை வைட்டமின் சி, இ மாத்திரை சரிசெய்துவிடுமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். விளம்பரத்தில் சொல்வது முழுப் பொய் இல்லை. தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேனே, விந்தணு என்பது ஒரு தலை, ஒரு வால், நடுவில் சின்ன எஞ்சின், அவ்வளவுதான். எடை குறைக்க வேண்டும் என்று உள்ளே இருந்த சரக்கையெல்லாம் இறக்கிவிட்டுக் கிளம்புகிற ஆள், பழுது பார்க்கிற நொதிகளையும் கூடவே இறக்கிவிடுகிறது. மேலே போர்த்தியிருக்கும் சவ்வோ எளிதில் கெட்டுப்போகிற கொழுப்பு. ஈயமும், சிகரெட் புகையில் இருக்கும் காட்மியம் என்ற உலோகமும் உள்ளே வந்தால் உடம்பின் சொந்தப் பாதுகாப்பான குளுட்டதயோனைப் பிடித்துக்கொள்கின்றன, பக்கத்தில் இருப்பதைத் தாக்கிக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன, எண்ணெய் காறிப்போகிற அதே கதை அந்தச் சவ்வில் நடக்கிறது. வைட்டமின் இ சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒன்றாகக் கெட்டுக்கொண்டே போகும் அந்தச் சங்கிலியை அறுக்கும், அதில் அது தேய்ந்துபோனால் பக்கத்துத் திரவத்தில் இருக்கும் வைட்டமின் சி அதை மறுபடி எழுப்பிவிடும். விந்துத் திரவத்தில் ரத்தத்தை விடப் பல மடங்கு வைட்டமின் சி இருப்பது சும்மா இல்லை. இன்னொன்று, 1922-ல் எவன்ஸும் பிஷப்பும் வைட்டமின் இ-யைக் கண்டுபிடித்ததே எலிகளுக்குக் கரு தங்காமல் போனதை வைத்துத்தான், டோகோபெரால் என்ற பெயரும் பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. மருந்து விற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

எலிகளில் நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் உலோகத்தைக் கொடுப்பதற்கு முன்போ கூடவேயோ வைட்டமினைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நீ வருடக்கணக்கில் பழைய பேட்டரியை உடைத்து ஈயப் பிளேட்டை உருக்கிவிட்டு இப்போது மாத்திரை வாங்குகிறாய். மனிதர்களில் 2020-ல் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்றில் வைட்டமின் சி, இ, செலினியம், துத்தநாகம் எல்லாம் கலந்து கொடுத்தார்கள், மற்றதில் 2300-க்கு மேற்பட்ட தம்பதிகளில் ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும். இரண்டிலுமே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களை விடப் பலன் அதிகமில்லை. அவர்களெல்லாம் ஈயத்தில் வேலை பார்த்தவர்கள் என்று பார்த்துச் சேர்த்த ஆட்கள் இல்லை, அதனால் உனக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் அந்த டப்பா மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

எனக்கு உறுத்துவது வேறு. போன முறை நீ வந்து தங்கியபோது கழற்றிப் போட்ட சட்டையின் கை மடிப்பைப் பிரித்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா, சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தரையில் கொட்டியது. நீ சிரித்துக்கொண்டே அதே கையால் சிகரெட்டைப் பற்ற வைத்தாய். ஈயம் கையிலிருந்து வாய்க்கு, காட்மியம் புகையிலிருந்து நுரையீரலுக்கு, ஒரே இழுப்பில் இரண்டும்! ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும், எலும்பில் போய்ச் சேர்ந்தது பல வருடம் கிடக்கும், சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகவே 10 முதல் 30 வருடம். வைட்டமின் எதையும் வெளியே தள்ளிவிடாது, சண்டை மட்டும்தான் போடும். பேட்டரித் தொழிலாளிகளுக்கு விந்தணு குறைவதை ருமேனியாவில் 1975-லேயே பார்த்து எழுதிவிட்டார்கள், இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

அதனால் முதலில் ரத்தத்தில் ஈய அளவு பார். டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தால் அந்த வேலையில் ஒரு நாள்கூட நிற்காதே, குறைவாக இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வேலைச் சட்டை அங்கேயே கிடக்கட்டும், குளித்துவிட்டு வீட்டுக்கு வா, மாஸ்க் என்றால் துணி இல்லை, வடிகட்டி வைத்தது. இரும்பு, கால்சியம் குறைந்தால் உடம்பு ஈயத்தை இன்னும் ஆவலாக உறிஞ்சும், அதையும் பார்க்கச் சொல். ஈயத்தை இறக்கும் மருந்தை டாக்டர் சொல்லாமல் தொடாதே.

மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. ஆணுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் சி, 15 மில்லிகிராம் இ போதும், புகைப்பவனுக்கு சி இன்னும் 35 கூட. 400 யூனிட் வைட்டமின் இ வேண்டாம், 35,000 ஆண்களைச் சேர்த்து நடத்திய சோதனையில் அதை மட்டும் தினமும் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் வந்தது. சி-யையும் கிராம் கணக்கில் விழுங்காதே, அது சிறுநீரகக் கல்லுக்கு வழி, உனக்கு ஏற்கெனவே ஒரு தடவை கல் வந்து தரையில் உருண்டாய்.

அப்புறம், அவசரப்படாதே. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அதற்குப் பிறகு வெளியே வந்து சேர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். இன்றைக்கு நீ நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் என் லென்ஸுக்குக் கீழே தெரியும். "எல்லாம் என் தப்புதானே" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அடித்துவிடு. உன் மனைவிக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், இருவரும் சேர்ந்தே போங்கள்.

எனக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறிவிட்டது, வேறு செய்தி இல்லை. ரத்த ரிசல்ட் வந்ததும் எண்ணை அனுப்பு. "நார்மல்தான்னு சொன்னாங்க" என்று எழுதி அனுப்பினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்