ஆற்றங்கரை அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

வரிதாரர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் அம்மன் கோயில் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் மண்டல பூஜையும் குறைவில்லாமல் நடந்தேறிவிட்டன. வரவு செலவுக் கணக்கு அச்சாகி வீடுவீடாக வந்திருக்கும். ஆனால் மதில் ஏன் முன்புபோல் இல்லை என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இந்த அறிக்கை.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. அன்று பெய்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. வழக்கமாக பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று மட்டும்தான் விசாரிப்போம். அந்த முறை அணைகளுக்குக் கீழே நம் பக்கமும் மழை கொட்டியதால், தாமிரபரணி ஏறி நின்ற நேரத்தில் ஊர் ஓடைத் தண்ணீரும் இறங்க வழியில்லாமல் தெருவுக்குள் திரும்பியது.

வெள்ளம் வடிந்ததும் மடைப்பள்ளியைத் திறந்தோம். முழங்கால் அளவு வண்டல். வெண்கலப் பானைகள் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. முந்தைய திருப்பணியில் ஒட்டிய டைல்ஸ் பெயர்ந்து ஒரு மூலையில் குவிந்திருந்தது. அதன் அடியில் இருந்த பழைய கருங்கல் தளம் ஒரு கல்கூட அசையவில்லை. ஆற்றுப் பக்கத்து மதில் பாதி சாய்ந்துவிட்டது. சாயாமல் நின்ற பாதிதான் பெரிய கெடுதல் செய்தது. உள்ளே வந்த தண்ணீரை ஆற்றுக்குத் திரும்ப விடாமல், பக்கத்து வீடுகளில் தேக்கி வைத்தது. 1992 நவம்பர் 13 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், அப்போது மதிலே கிடையாது, வந்த தண்ணீர் வந்த வழியே போய்விட்டது என்றார்கள்.

முதல் கூட்டத்தில் மதிலை இன்னும் உயர்த்திக் கட்டத்தான் பெரும்பாலோர் சொன்னோம். ஸ்தபதி மறுத்துப் பேசவில்லை. எங்களைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனார். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. பெருவெள்ளம் வந்தால் மூழ்கும். உற்சவரையும் உண்டியலையும் முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் மோதுகிற பக்கம் படகு முனை மாதிரி கூராக இருப்பதைத் தொட்டுக் காட்டினார். தண்ணீரை மறிக்காமல் பிரித்து அனுப்புகிற கட்டு அது. திரும்பி வரும்போதே எங்களுக்கு முடிவு தெளிவாகிவிட்டது.

அதன்படி, மதிலின் அடிப்பகுதியில் நெடுகத் திறப்புகள் விட்டு, இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம். டைல்ஸ் வேண்டாம் என்று முழுக்கக் கருங்கல் தளமே போட்டாயிற்று. சுவிட்ச் போர்டு, மீட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் 2023 வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டன. அந்தக் கோட்டை மண்டபத் தூணில் வெட்டியே வைத்திருக்கிறோம். உற்சவர், நகை, பத்திரங்களுக்கு மாடியில் தனி அறை. கோயிலுக்குப் பின்னால் சிலாப் போட்டு மூடியிருந்த பழைய ஓடையையும் திறந்தோம். இதற்கு அனுமதி வாங்கத்தான் மாதக்கணக்கில் அலைந்தோம். கருவறையை உயர்த்தவில்லை. அம்மன் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

வேலை பாதியில் இருந்தபோதே, 2024 டிசம்பர் 13 திருக்கார்த்திகை அன்று ஆறு மறுபடி பெருகியது. பிரகாரத்துக்குள் தண்ணீர் வந்தது. கம்பித் திறப்பு வழியாக நுரையோடு வெளியே போனதையும் பார்த்தோம். வீடுகளில் தேங்கவில்லை. 2023 அளவு வெள்ளம் அது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மதிலுக்கென்றே பணம் கொடுத்த உபயதாரர்களுக்கு மனக்குறை இருப்பது தெரியும். அவர்கள் சம்மதம் கேட்ட பிறகே அந்தத் தொகையைத் தளத்துக்கும் ஓடைக்கும் மாற்றினோம். சம்மதித்த அத்தனை பேருக்கும் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது.

இனி ஒரு வேலை பாக்கி. திறப்புக் கம்பிகளில் ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பையும் அடைத்தால் மதில் பழையபடி அணையாகிவிடும். அதனால் ஐப்பசி முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். மண்வெட்டி, கூடை கோயிலில் இருக்கிறது. மாடி அறைச் சாவி பூசாரியிடம் ஒன்றும், கோயிலுக்கு எதிர்வீட்டில் ஒன்றும் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்
திருநெல்வேலி